வயது விடைகொடுக்கச் சொன்னபோதும் களம் நீங்காதவர்

புகழின் உச்சியைத் தொட்ட விளையாட்டு வீரர் ஒருவருக்கு வயது ஏறும்போது, அவர் அணியில் தொடர வேண்டுமா, இளையோருக்கு வழிவிட வேண்டுமா என்ற வினா எழுவது இயல்பு. 2011 ஆம் ஆண்டு சனத் ஜயசூரிய தமது 42 ஆவது பிறந்த நாளுக்கு இரு தினங்கள் இருக்கையில் இலண்டன் ஓவல் மைதானத்தில் இறுதிச் சர்வதேசப் போட்டியில் ஆடியபோது நம் நாட்டிலும் இவ்வினா பலமாக எழுந்தது. அதே ஓவல் மைதானத்தில் 75 ஆண்டுகளுக்கு முன்னர் தமது கடைசி டெஸ்ட் போட்டியை ஆடிய சி. கே. நாயுடுவின் வாழ்க்கை இதற்குத் தரும் விடை சிந்திக்கத்தக்கது.

1895 ஆம் ஆண்டு நாக்பூரில் பிறந்த நாயுடு, 1916 இல் முதல்தரக் கிரிக்கெட்டில் நுழைந்தார். 1926 இல் பம்பாயில், இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. அணிக்கு எதிராக இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் 153 ஓட்டங்களைக் குவித்தார். அவற்றில் 11 சிக்ஸர்கள் அடங்கும். இந்தியாவுக்கு டெஸ்ட் தகுதியைத் தேடித்தந்த ஆட்டங்களுள் அது முதன்மையானது. 1932 இல் லோர்ட்ஸ் மைதானத்தில் இந்தியா முதன்முறையாக டெஸ்ட் ஆடியபோது, அணித்தலைவராக நியமிக்கப்பட்டிருந்த போர்பந்தர் மகாராஜா ஒதுங்கிக்கொள்ள, நாயுடுவே தலைமை தாங்கினார்.

ஆயினும் 1936 இல் அந்தத் தலைமை விஜயநகரம் இளவரசருக்குச் சென்றது. திறமையை விடச் செல்வமும் செல்வாக்கும் கணக்கில் கொள்ளப்பட்ட காலம் அது. நாயுடு சாதாரண வீரராகவே இங்கிலாந்து சென்றார். ஓவல் போட்டியில் வேகப்பந்து உடலைத் தாக்கிய பின்னரும் நின்று ஆடி 81 ஓட்டங்களைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 40. டெஸ்ட் வாழ்வு அத்துடன் முடிந்தது. ஏழே போட்டிகள்.

வேறொருவராயின் மனக்கசப்புடன் ஒதுங்கியிருப்பார். நாயுடுவோ, தம்மை வேண்டிய இந்தூரின் ஹோல்கார் அணியை வளர்ப்பதில் இறங்கினார். முஷ்டாக் அலி, சர்வாதே போன்றோர் அவரது கடுமையான கட்டுப்பாட்டின் கீழ் ஆடினர். அவ்வணி நான்கு தடவைகள் ரஞ்சிக் கிண்ணத்தை வென்றது. 50 ஆவது வயதில் அவர் பரோடாவுக்கு எதிராக 200 ஓட்டங்கள் பெற்றார். 56 ஆவது வயதில் பத்கரின் பந்து பற்களை உடைத்தபோதும் களத்தை விட்டு வெளியேறவில்லை. பின்னர், 1953 இல் ரஞ்சிக் களத்துக்குப் புதிதாக வந்த ஆந்திர அணிக்கும் தலைமை தாங்கினார். 1956-57 பருவத்தில், 61 ஆவது வயதில், உத்தரப் பிரதேசத்துக்காக ஆடிய இறுதி இன்னிங்ஸில் 52 ஓட்டங்கள் பெற்றார். 1967 நவம்பரில் இந்தூரில் காலமானார்.

அவர் தொடர்ந்தது சரியா? இளைஞர் ஒருவரின் இடத்தை அவர் பிடித்துக்கொண்டிருந்தார் என்ற முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அவர் பழைய பெயரை மட்டும் காட்டி இடம் கேட்கவில்லை. ஓட்டங்களைக் கொடுத்தார், இளையோரைப் பழக்கினார், வலியைச் சாக்காகக் கொள்ளவில்லை. தேசிய அணியின் இடத்தைப் பற்றிக்கொண்டிராமல், தாம் தேவைப்பட்ட சிறிய அணிகளைத் தேடிச் சென்றார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

தோப்பூர், மூதூர் போன்ற ஊர்களின் கழகங்களுக்கும் இது பொருந்தும். மூத்த வீரரை அவரது பிறந்த ஆண்டைப் பார்த்து விலக்குவதும் தவறு. முன்னைய புகழுக்காகவே வைத்திருப்பதும் தவறு. அவர் நிழலில் இளையவர் வளர்கின்றனரா, வாடுகின்றனரா என்பதே அளவுகோலாதல் வேண்டும். அதை முதலில் அளந்து பார்க்க வேண்டியவர் அம்மூத்த வீரரேயாவார்.