கட்டுமரத்தின் குலமுறை கண்ட ஜேம்ஸ் ஹார்னெல்

ஆழ்வார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். செயின்ட் மேரீஸ் சாலை வழியே மந்தைவெளியைக் கடந்து நடந்தால் பட்டினப்பாக்கம் கடற்கரை வந்துவிடும். கடலுக்கு இத்தனை அருகில் இருந்தும் படகைப் பற்றி நான் அறிந்திருந்தது மிகச் சொற்பம். அந்த அறியாமையை எனக்கு உணர்த்தியவன் என் வகுப்புத் தோழன். பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை அவன். தன் தந்தையார் செய்யும் தொழில் என்னவென்று முதலாண்டு முழுவதும் அவன் எங்களிடம் வாய் திறந்ததில்லை.

இரண்டாமாண்டில் ஒரு மாலை அவனோடு கடற்கரைக்குச் சென்றேன். மணலில் வரிசையாகக் கிடந்த பைபர் படகுகளைப் பார்த்துவிட்டு, உங்கள் படகு எந்தக் கம்பெனி மாடல் என்று அவன் தந்தையாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். தம்பி என்று என்னை அன்போடு அழைத்து அருகில் அமர்த்தி விளக்கினார். நிறமும் பெயரும்தான் வேறு. அவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவை. மூலப் படகு ஒன்றின் மேல் கண்ணாடி இழையும் பிசினும் பூசி எடுக்கும் கூடுதான் அச்சு. அதனுள் மீண்டும் பூசி எடுத்தால் அதே உருவில் எத்தனை படகு வேண்டுமானாலும் பிறக்கும். ஒருவர் அணியத்தை உயர்த்தக் கேட்பார். இன்னொருவர் அகலம் கூட்டக் கேட்பார். அப்படித் திருத்திய படகே பிறகு புது அச்சுக்கு மூலமாகிவிடும். அப்படியானால் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த மூலம் எது என்று கேட்டேன். சுவரோரம் கிடந்த தமது பழைய கட்டுமரத்தை அவர் கையால் காட்டினார்.

அந்தக் கேள்வியோடு கன்னிமாரா நூலகத்திற்குச் சென்றபோது எனக்கு அறிமுகமானவரே ஜேம்ஸ் ஹார்னெல்.

ஹார்னெல் 1865-ஆம் ஆண்டில் பிறந்தவர். கடல்வாழ் உயிரினங்களை ஆராய்வதே அவருடைய முதல் ஈடுபாடு. ஜெர்சித் தீவில் கடலுயிர் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்திவந்தார். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் பொய்த்துப்போன காரணத்தை அறிய இலங்கை அரசு பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. 1902-இல் அவரோடு உதவியாளராக இலங்கைக்கு வந்த ஹார்னெலை நம் கடல் பிடித்து வைத்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

சென்னை மாகாணத்தில் சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907-இல் மீன்துறை தோன்றிற்று. அடுத்த ஆண்டே ஹார்னெல் அதில் சேர்ந்தார். முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் ஆராய்ந்தார். சங்கு பற்றி 1914-இல் தனி நூலே எழுதினார். பின்னர் அத்துறையின் இயக்குநராகவும் உயர்ந்தார். மீனை ஆராய வந்தவர் மீன் பிடிப்பவரின் வலையைப் பார்த்தார். வலையிலிருந்து அவர் பார்வை படகின் மேல் சென்றது. ஊர் ஊராகக் கரையில் கிடந்த படகுகளைக் கண்டு, அவற்றின் உடலமைப்பைப் படம் எழுதிக் குறித்துக்கொண்டார்.

அந்த உழைப்பின் பயனாக, இந்தியப் படகு வடிவங்களின் தோற்றத்தை ஆராயும் அவரது நூல் 1920-இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. படகுகளுக்கும் குலமுறை உண்டு என்பதே அதில் நான் கண்ட பெருங்கருத்து. தனித்து வானத்திலிருந்து இறங்கிய படகு எதுவும் இல்லை. கரைக்கு ஏற்பவும் அலைக்கு ஏற்பவும் கிடைக்கும் மரத்துக்கு ஏற்பவும் ஒரே வடிவம் ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே செல்கிறது.

சோழமண்டலக் கரையை எண்ணிப் பாருங்கள். அலை ஓங்கி உடையும் திறந்த கடற்கரை இது. இங்கே கட்டுமரம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. மேலே ஏறிய நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். மூழ்குவது என்ற பேச்சே இல்லை. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காய வைக்கலாம். சிறு தொழிலுக்குச் சில மரங்களே போதும். கோலா மீன் தேடி நெடுந்தூரம் செல்லும் நாகப்பட்டினத்துக் கோலாமரத்திற்கு அதிக மரங்கள் வேண்டும். உடல் வளர்ந்தாலும் குலம் ஒன்றே. சென்னைத் துறைமுகம் அமையுமுன் கப்பல் பயணிகளைக் கரை சேர்த்த மசூலாப் படகு வேறொரு குலம். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள் அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அறைந்திருந்தால் பிளந்துபோகும்.

1924-இல் செயின்ட் ஜார்ஜ் ஆய்வுப் பயணத்தில் ஹார்னெல் பசிபிக் தீவுகளுக்குச் சென்றார். பாலினீசியா, பிஜி, மைக்ரோனீசியா தீவுகளின் படகுகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1936-இல் வெளிவந்தது. நம் ஆற்றுப் பரிசலை டைகிரிஸ் நதியின் வட்டப் படகோடு ஒப்பிட்டும் எழுதினார். உலகப் படகுகள் அனைத்தின் தோற்றத்தையும் ஒரு சேர ஆராய்ந்த அவரது நூல் 1946-இல் வெளிவந்தது. 1949-இல் அவர் மறைந்தார்.

அவர் முடிவுகள் எல்லாம் இன்று அப்படியே நிற்கின்றன என்று நான் சொல்லவில்லை. நம் கரையில் காணும் பக்கமிதவைப் படகுகளைப் பாலினீசியரின் பழைய வருகையோடு இணைத்தார். பின்வந்த அறிஞர்கள் அனைவரும் அதை ஏற்கவில்லை. ஒரு வடிவத்தைக் கண்டவுடன் அது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று எண்ணும் மனப்போக்கு அக்கால அறிஞர் பலரிடம் இருந்தது. ஒரே அலையை எதிர்கொள்ளும் இரு கரையினர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வருவதும் உண்டு அல்லவா? ஆயினும் படகின் உடலை ஓர் ஏட்டைப் போலப் படிக்கலாம் என்று காட்டியவர் அவர் என்பதில் ஐயமில்லை.

அவர் கண்ட உண்மை இயந்திரப் படகுகளுக்கும் பொருந்துகிறது. அமெரிக்காவில் ரேமண்ட் ஹன்ட் வகுத்த ஆழ்ந்த வி வடிவ அடிப்பாகம் கொண்ட படகு 1960-இல் மயாமியிலிருந்து நாசாவுக்கு நடந்த போட்டியில் கொந்தளித்த கடலை வென்றது. அதே உடலமைப்பில் பெர்ட்ராம் 31 என்னும் படகு வெளிவந்தது. பிறகு பல கம்பெனிகளின் விசைப்படகுகளிலும் அந்த அடிப்பாகம் இறங்கிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? நான் நாள்தோறும் நடக்கும் செயின்ட் மேரீஸ் சாலையில்தான் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்ட அலுவலகம் இயங்கிற்று. 1979-இல் தொடங்கிய அத்திட்டத்தினர் கட்டுமரம் கரையேறும் அதே மணலில் ஏறி இறங்கக்கூடிய இயந்திரப் படகுகளை 1980-களில் உருவாக்கினர். மணல் தட்டாதபடி சுழலியை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பும் செய்தனர். ஒரு மாதிரியைக் கடலில் விட்டு, மீனவர் சொன்ன குறைகளைக் கேட்டு, அடுத்த மாதிரியைத் திருத்தினர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் அருகின.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை பிறந்தது. அச்சு இருக்கும்வரை பைபர் படகு பிறந்துகொண்டே இருக்கும். கட்டுமரத்தின் அச்சோ மரம் இழைத்தவரின் கையில் இருக்கிறது. அந்தக் கை ஓய்ந்தால் அச்சும் போய்விடும். இழைத்தவர்களின் பெயரையோ பெரும்பாலும் எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தோழனும் அளவு நாடாவோடு சென்றோம். சுவரோரம் கிடந்த கட்டுமரத்தின் நீளம், பருமன், முனை வளைவு, கயிறு கட்டும் முறை யாவற்றையும் குறித்தோம். ஒவ்வொரு வளைவுக்கும் அவன் தந்தையார் காரணம் சொன்னார். எனக்கு அது பாடமாகவே இருந்தது. ஹார்னெல் எத்தனை கரைகளில் இப்படி அமர்ந்து கேட்டிருப்பார் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

அந்த வரைபடத்தை எங்கள் துறை மன்றக் கூட்டத்தில் தோழனே விளக்கினான். படத்தின் கீழே, இதைச் செய்தவர் என்று தன் தந்தையாரின் பெயரை எழுதியிருந்தான். அவர் கடலுக்குப் போகிறவர் என்று தலை நிமிர்ந்து அவன் சொல்லி அன்றுதான் கேட்டேன்.