தத்துவ போதகர்

சுள்ளிக்கல்லில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. வந்த நாட்டு வழக்கங்களுள் எவற்றைக் கொள்வது, நம்முடையவற்றுள் எவற்றை விடாது காப்பது என்பதே அது. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், இக்கொச்சி வழியாகத் தமிழகம் புகுந்த இத்தாலியத் துறவி ஒருவர் இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கினார். அவரே தத்துவ போதகர் எனப் பெயர் கொண்ட இராபர்ட் தெ நொபிலி.

1577-ல் உயர்குடியிற் பிறந்து, இயேசு சபையிற் சேர்ந்த அவர், 1605-ல் கோவாவையும் 1606-ல் கொச்சியையும் அடைந்தார். அவ்வாண்டிலேயே மதுரை சென்றார். அங்கே பெர்னாந்தசு என்னும் போர்த்துகேசியக் குரு பல்லாண்டு உழைத்தும் உள்ளூரார் அவர் சமயத்தை நாடினாரல்லர். கிறித்தவராதல் என்பது பரங்கியாதல் என்றே அவர்கள் எண்ணினர். பரங்கியரின் மாட்டிறைச்சியும் மதுவும் அவர்கட்கு அருவருப்பை விளைத்தன.

சமயம் வேறு, நடையுடை வேறு எனத் துணிந்தார் நொபிலி. கருப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார், மரப்பாதுகை அணிந்தார். நாளுக்கு ஒருவேளை, சோறும் காய்கறியுமே உண்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். வடமொழியைச் சிவதர்மர் என்னும் அந்தணரிடம் பயின்றார். ஞானோபதேசம் முதலிய உரைநடை நூல்களைத் தமிழில் இயற்றினார். தம்மைச் சார்ந்தோர் குடுமியும் பூணூலும் நீக்க வேண்டுவதில்லை என்றார்.

சொந்தச் சபையினரே சினந்தனர். 1619-ல் கோவாவிற் கூடிய அவையில் அவர் குற்றவாளிபோல் நின்றார். கொடுங்கல்லூர்ப் பேராயர் ரோசு துணைநின்றார். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623-ல் போப்பாண்டவர் அவர் முறைக்கு இசைவளித்தார்.

எனினும், ஒன்றை மறைத்தல் முறையன்று. சாதி வேற்றுமையையும் அவர் உடையைப் போன்றதொரு வழக்கமாகவே கொண்டார். உயர்குலத்தார் விலகுவர் என அஞ்சிப் பெர்னாந்தசோடு உடனுறைதலையும் தவிர்த்தார். நெற்றிச் சந்தனமும் தீண்டாமையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கனவோ? என் மனம் இதற்கு ஒப்பவில்லை. ஏழை எளியோர்க்கெனப் பண்டாரச் சாமிகள் என்ற தனிக் குருமார் ஏற்பட்டது 1640-ஆம் ஆண்டளவிலேதான்.

முதுமையிற் கண்ணொளி இழந்தார். மயிலையில் ஒரு குடிசையில், அதே எளிய உணவோடு வாழ்ந்து, 1656 சனவரி 16-ல் மறைந்தார். பிறந்த நாட்டிற்கு அவர் திரும்பவேயில்லை.