தேவிகா ராணி அம்மையார்

ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர் பலருக்கு இந்தி கற்றுக் கொடுத்த ஆசிரியர்களுள் திரைப்படமும் ஒன்று. அத்திரைப்படம் பேசத் தொடங்கிய இளம் பருவத்தில் அதனைச் சீராட்டி வளர்த்தவர்களில் தேவிகா ராணி அம்மையாருக்குத் தனி இடம் உண்டு. அவரை அழகிய நடிகை என்று மட்டும் நினைவு கூர்வது போதாது.

அம்மையார் 1908-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த வால்டேரில் பிறந்தார். தந்தையார் கர்னல் சௌதுரி, சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலாக விளங்கிய வங்காளி. மகாகவி தாகூரின் குடும்பத்தோடு உறவுடைய குலம் அது. சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பெண், அங்கே நாடகக் கலையும் துணிகளுக்குச் சித்திர வடிவம் அமைக்கும் தொழிலும் பயின்றார். 1928-இல் லண்டனில் ஹிமான்சு ராயைச் சந்தித்தார். மறு ஆண்டு மணந்தார். பின்னர் ஜெர்மனி சென்று, ஒப்பனை முதல் அரங்க அமைப்பு வரை படத்தொழிலின் நுட்பங்களைக் கற்றார்.

கணவரோடு நடித்த ‘கர்மா’ 1933-இல் லண்டனில் திரையிடப்பட்டது. அதிலுள்ள முத்தக் காட்சியைப் பற்றியே இன்றளவும் பலர் பேசுகின்றனர். உள்ளபடி பேசத்தக்கது அடுத்த ஆண்டு அவ்விருவரும் செய்த காரியமேயாகும். பம்பாய்ப் புறநகரான மலாடில், பங்கு சேர்த்து முறையான கம்பெனியாக, ‘பம்பாய் டாக்கீஸ்’ நிறுவனத்தை 1934-இல் தொடங்கினர். பிரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மானியர் படங்களை இயக்கினார். குர்ஷித் என்ற பார்சிப் பெண்மணி இசையமைக்க வந்தபோது அவர் சமூகத்தார் ஆர்ப்பரித்து எதிர்த்தனர். சரஸ்வதி தேவி என்று பெயரை மாற்றிக்கொண்டு அவர் பணியைத் தொடர்ந்தார். இடையில் அம்மையார் கதாநாயகர் ஒருவருடன் கல்கத்தா சென்று, பிறகு கணவரிடமே திரும்பியதும் உண்டு. அந்த நாயகர் விலக்கப்படவே, படச்சுருள் கழுவும் சாலையில் பணி செய்த இளைஞர் ஒருவர் முன்னே தள்ளப்பட்டார். அவரே அசோக் குமார்.

அவ்விருவரும் நடித்த ‘அச்சூத் கன்யா’ 1936-இல் வெளிவந்தது. ரெயில்வே கேட் காவலரின் மகளான தீண்டாக் குலப் பெண்ணும் அந்தண இளைஞனும் கொண்ட அன்பையும், அவள் ரெயிலுக்குப் பலியாவதையும் கூறும் கதை. இன்று பார்ப்போருக்கு அம்மையாரின் பேச்சில் அயல்நாட்டுச் சாயல் தட்டுப்படலாம். பாட்டும் பெரும் பாடகியின் பாட்டன்று. ஆயினும், தீண்டாமை ஊரெங்கும் கோலோச்சிய காலத்தில், உயர்குடிப் பிறந்த ஒருவர் அவ்வேடம் பூண்டது எளிய செயலன்று.

1939-இல் போர் மூண்டது. ஆஸ்டன் முதலிய ஜெர்மானியர்களை அரசாங்கம் காவலில் வைத்தது. 1940 மே மாதத்தில் ராய் காலமானார். முப்பத்திரண்டு வயதில் கைம்பெண்ணாகிய அம்மையார் மீது, இயக்குநரும் தலைவரும் இல்லாத ஸ்டுடியோவின் பொறுப்பு விழுந்தது. நிறுவனம் இரு கட்சியாகப் பிளவுண்டது. 1943-இல் வெளிவந்து, கல்கத்தாவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ‘கிஸ்மத்’ அந்தப் பூசலினூடே பிறந்ததுதான்! சசதர் முகர்ஜியும் அசோக் குமாரும் வெளியேறி ‘பிலிமிஸ்தான்’ கண்டனர். அவ்வாண்டு வந்த ‘ஹமாரி பாத்’தோடு அம்மையார் நடிப்பை நிறுத்தினார். எனினும், ஆளைக் கண்டறியும் கண் மங்கவில்லை. யூசுப் கான் என்ற இளைஞரை ‘ஜ்வார் பாட்டா’வில் அறிமுகப்படுத்தினார், திலீப் குமார் என்ற பெயர் வழங்கியதும் அப்போதுதான்.

1945-இல் தம் பங்குகளை விற்று விலகினார். ரஷிய ஓவியர் ஸ்வெதஸ்லாவ் ரோரிச்சை அவ்வாண்டே மணந்து, குலு பள்ளத்தாக்கிலும் பின்னர் பெங்களூரிலும் வாழ்ந்தார். பம்பாய் டாக்கீஸ் அவருக்குப்பின் பத்தாண்டு நிலைக்கவில்லை. அவர் மட்டும் திரும்பிப் பார்க்கவேயில்லை. 1958-இல் பத்மஸ்ரீ வந்தது. தாதாசாகிப் பால்கே விருது ஏற்பட்டபோது, 1969-ஆம் ஆண்டுக்குரிய முதல் விருதே அவருக்கு அளிக்கப்பட்டது.

கனகபுரா சாலையிலுள்ள தாதகுணியில் நானூறு ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டத்தில், வாசனைத் தைலம் தரும் லினலோ மரங்களைத் தம்பதியர் பேணினர். மக்கட்பேறு இல்லை. 1993 சனவரியில் ரோரிச்சும், 1994 மார்ச்சு 9-ஆம் நாள் அம்மையாரும் மறைந்தனர். தோட்டத்தின்மேல் எழுந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2011-இல்தான் அது கர்நாடக அரசாங்கத்துக்கே உரியதென்று தீர்ப்பாயிற்று.