கல்லின் வடிவைக் காத்த கலைஞர்

ஓசூருக்கு அண்மையிலுள்ள இராயக்கோட்டையின் காட்சிகள் 1858-ஆம் ஆண்டிலேயே ஒளிப்படத் தொகுதியாக வெளிவந்தன. அவற்றை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றினார். 1856-இல் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார்.

வண்ணப்படம் தோன்றாத அக்காலத்தில், மெழுகூட்டிய தாளில் ஒளியையும் நிழலையும் கொண்டே அவர் கல்லின் மேடுபள்ளங்களைத் துலங்கச் செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 பகுதிகளாகப் படமெடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அத்தகைய முயற்சி அந்நாளில் புதுமையானது.

ஆயினும், 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் அப்பணியை வீண் ஆடம்பரமெனக் கருதி நிறுத்தினார். டிரைப் 1902-இல் மறைந்தார். பதவி போயிற்று, படங்கள் நின்றன. மாணவர்களே, செம்மையாகச் செய்த தொழில் செய்தவருக்குப் பின்னும் வாழும் என்பதை உணர்வீராக!