லெஸ்டர் பேங்ஸ்

லெஸ்டர் பேங்ஸ் (டிசம்பர் 1948 - ஏப்ரல் 30, 1982) அமெரிக்க இதழாளரும் ராக் இசைத் திறனாய்வாளரும் ஆவார். இவரது இயற்பெயர் லெஸ்லி கான்வே பேங்ஸ். ரோலிங் ஸ்டோன், கிரீம், வில்லேஜ் வாய்ஸ் ஆகிய இதழ்களில் புதிய இசைத்தட்டுகளைப் பற்றி இவர் எழுதிய விமர்சனங்கள், அத்தகைய எழுத்தை விளம்பரக் குறிப்பு என்ற நிலையிலிருந்து இலக்கியக் கட்டுரைக்கு நெருக்கமான வடிவமாக மாற்றின. பெரிய நிறுவனங்களும் வானொலிகளும் கண்டுகொள்ளாத குழுக்களை முன்னிறுத்தியவர் என்ற வகையில், பிற்காலத்தில் மாற்று ராக் என்றும் சுயாதீன ராக் என்றும் அழைக்கப்பட்ட இசையின் முதல் திறனாய்வாளர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமைக்காலம்

பேங்ஸ் கலிபோர்னியா மாநிலத்தில் எஸ்கொண்டிடோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சரக்குந்து ஓட்டுநர். பேங்ஸ் சிறுவனாக இருந்தபோதே தீவிபத்தொன்றில் இறந்தார். தாய் நோர்மா யெகோவாவின் சாட்சிகள் சமயப் பிரிவில் ஆழ்ந்த பற்றுடையவர். உலகியல் சார்ந்த புத்தகங்களும் இசையும் ஐயத்துடன் பார்க்கப்பட்ட அந்த வீட்டில், சான் டியாகோவை அடுத்த எல் காஹோன் நகரில், இவர் வளர்ந்தார். பதின்ம வயதில் அச்சமயத்திலிருந்து விலகி, ஜாக் கெரோவாக், வில்லியம் பரோஸ் போன்ற பீட் தலைமுறை எழுத்தாளர்களையும், ஜான் கோல்ட்ரேன், சார்ல்ஸ் மிங்கஸ் போன்ற ஜாஸ் கலைஞர்களையும் தேடிச் சென்றார். கல்லூரியில் சேர்ந்து படித்தபோதிலும் அவரது உண்மையான கல்வி இசைத்தட்டுக் கடைகளில் நடைபெற்றது எனலாம். நிறுத்தாமல் ஓடும் நீண்ட வாக்கியங்களும் திடீர்த் திசைமாற்றங்களும் கொண்ட பின்னாளைய நடையில் கெரோவாக்கின் செல்வாக்கை எளிதில் காணலாம்.

ரோலிங் ஸ்டோன்

1969 ஆம் ஆண்டில் ரோலிங் ஸ்டோன் இதழ், வாசகர்களே இசைத்தட்டு விமர்சனங்கள் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தது. அதற்கு இணங்கி அனுப்பிய பேங்சின் முதல் கட்டுரை ஏப்ரல் 1969 இல் வெளியானது. டிட்ராய்ட் நகரத்து எம்சி5 குழுவின் முதல் தொகுப்பைப் பற்றியது அது. இத்தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே அதே இதழ் அக்குழுவை அட்டையில் வெளியிட்டுப் பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்தியிருந்தது. அதை நம்பி வாங்கிக் கேட்ட பேங்ஸ், ஆரவாரம் மிகுந்த வெற்றுச் சரக்கு எனக் கடுமையாகச் சாடினார். பின்னர் மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து அக்குழுவை நெருக்கமாக அறிந்தபோது அவரது கருத்து மாறியது. அந்த இசைத்தட்டு அவருக்கு விருப்பமானதாயிற்று. பிளாக் சபாத் குழுவிலும் இதுவே நேர்ந்தது. 1970 இல் அதன் முதல் தொகுப்பை ஏளனம் செய்தவர், 1972 இல் கிரீம் இதழில் அதே குழுவைப் பற்றி இரு பகுதிகளாக நீண்ட, பரிவு மிக்க கட்டுரையை எழுதினார். முன்னர் அச்சில் ஏறிய தீர்ப்பைப் பின்னர் அச்சிலேயே மாற்றிக்கொள்ளும் இத்துணிவு திறனாய்வாளர்களிடம் அரிதாகவே காணப்படுவது.

1973 இல் ரோலிங் ஸ்டோன் வெளியீட்டாளர் யான் வென்னர் இவரை விலக்கினார். கேன்ட் ஹீட் குழுவின் தொகுப்பொன்றைக் கேலி செய்து எழுதிய விமர்சனமே உடனடிக் காரணம். இசைக்கலைஞர்களை மதிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு.

கிரீம் இதழில்

கிரீம், 1969 இல் டிட்ராய்ட்டில் பேரி கிரேமர் தொடங்கிய இதழ். 1970 முதல் அதில் எழுதிவந்த பேங்ஸ், 1971 இல் அங்கு குடிபெயர்ந்து ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். சிறிது காலம் ஆசிரியர்கள் அனைவரும் ஊருக்கு வெளியே ஒரே பண்ணை வீட்டில் தங்கி இதழைத் தயாரித்தனர். ஊதியம் சொற்பம், எழுதும் சுதந்திரம் ஏராளம். இங்கு கழித்த ஐந்து ஆண்டுகளே பேங்சின் மிகச் செழிப்பான காலம்.

இக்காலத்தில் இவர் வகுத்துக்கொண்ட அளவுகோல் எளியது. வாசிப்புத் திறமை, ஒலிப்பதிவின் நேர்த்தி, விற்பனை எண்ணிக்கை ஆகியவை இரண்டாம் பட்சம். பாடுபவர் தன்னை முழுதாகப் பணயம் வைக்கிறாரா என்பதே முதற்கேள்வி. அந்த அளவுகோலின்படி, விற்பனையில் தோல்வியுற்ற வெல்வெட் அண்டர்கிரவுண்ட், தி ஸ்டூஜஸ், கேப்டன் பீஃப்ஹார்ட் ஆகியோர் இவரிடம் உயர்ந்த இடம் பெற்றனர். ஸ்டூஜஸ் குழுவின் இரண்டாம் தொகுப்பைப் பற்றி 1970 இல் எழுதிய நெடுங்கட்டுரையில், மூன்று சுரங்களை மட்டும் அறிந்த இளைஞர்களும் பெருங்கலை படைக்க முடியும் என்ற வாதத்தை முன்வைத்தார். பங்க் ராக் என்ற சொல் பரவுவதற்கும் கிரீம் இதழின் எழுத்தாளர்களே, குறிப்பாக டேவ் மார்ஷும் பேங்சும், காரணமாயினர். நியூயார்க்கிலும் இலண்டனிலும் அப்பெயரில் ஓர் இயக்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முந்தியது இது.

1971 இல் கவுண்ட் ஃபைவ் என்ற குழுவைப் பற்றி எழுதிய கட்டுரை மிகவும் பெயர் பெற்றது. 1966 இல் ஒரே ஒரு பாடலால் புகழ் பெற்று மறைந்த இக்குழு உண்மையில் ஒரு தொகுப்பையே வெளியிட்டது. பேங்சோ, அடுத்தடுத்து வந்தனவாகப் பல தொகுப்புகளைக் கற்பனையாகப் படைத்து, அவற்றின் குறைநிறைகளை மிகுந்த அக்கறையுடன் அலசியிருந்தார். இக்கட்டுரையைக் கொண்டு அக்குழுவின் இசைத்தட்டுப் பட்டியலைத் தொகுக்க முனைவோர் எச்சரிக்கையாக இருத்தல் நன்று. 1974 இல் இசைத்தட்டு விமர்சகராவது எப்படி என்பதற்கான அங்கதக் கையேடு ஒன்றையும் எழுதினார். நிறுவனங்கள் இலவசமாக அனுப்பும் இசைத்தட்டுகளுக்கும் விருந்துகளுக்கும் மயங்கும் தம் தொழிலினரை, தம்மையும் சேர்த்தே, அதில் எள்ளி நகையாடினார்.

பாடகர் லூ ரீட்டுடன் இவருக்கு இருந்த உறவு வேறொரு தன்மையது. வெல்வெட் அண்டர்கிரவுண்டின் தலைவராக இருந்த ரீட்டை வழிபாட்டு நிலையில் வைத்திருந்த பேங்ஸ், அவரது தனிப்பாடல் தொகுப்புகள் ஏமாற்றமளித்தபோது அதை நேரிலேயே கூறினார். 1973 தொடங்கிச் சில ஆண்டுகள் இருவரும் நடத்திய நேர்காணல்கள் ஒருவரையொருவர் வசைபாடும் மல்யுத்தங்களாகவே அமைந்தன. 1975 இல் ரீட் வெளியிட்ட மெட்டல் மெஷின் மியூசிக், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மின்கிதார் இரைச்சலை மட்டும் கொண்ட இரட்டை இசைத்தட்டு. வாங்கியோர் பலர் திருப்பிக் கொடுத்த அதனை உலகின் தலைசிறந்த தொகுப்பு என்று பேங்ஸ் எழுதினார். பாதி வேடிக்கை, பாதி உண்மை.

நியூயார்க்

1976 இல் கிரீம் இதழிலிருந்து விலகி நியூயார்க் சென்று, எந்த இதழிலும் நிரந்தரப் பணியின்றி எழுத்தால் மட்டுமே வாழ்ந்தார். வில்லேஜ் வாய்ஸ் இதழில் இசைப் பகுதியின் ஆசிரியராக இருந்த ராபர்ட் கிறிஸ்கோ இவருக்கு இடமளித்தார். ஆகஸ்ட் 1977 இல் எல்விஸ் பிரெஸ்லி மறைந்தபோது எழுதிய இரங்கற்கட்டுரையில், இனி அனைவரும் ஒருங்கே விரும்பும் ஒரு கலைஞர் தோன்றப்போவதில்லை, கேட்போர் தனித்தனித் தீவுகளாகப் பிரிந்துவிடுவர் என்று கணித்தார். அவ்வாண்டின் இறுதியில் தி கிளாஷ் குழுவுடன் இங்கிலாந்தில் பயணம் செய்து, நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழில் மூன்று பகுதிகளாக எழுதினார். ரசிகர்களைச் சமமாக நடத்திய அக்குழுவினரை மனமாரப் பாராட்டியவர், அக்குழுவின் பணியாளர் ஒருவர் ஒரு ரசிகரை இழிவாக நடத்தியதையும் மறைக்காமல் பதிவு செய்தார்.

1979 இல் வில்லேஜ் வாய்ஸ் வெளியிட்ட, நியூயார்க் பங்க் வட்டாரத்தின் இனவெறி பற்றிய கட்டுரை இவரது எழுத்துகளில் மிகவும் சங்கடமானது. அதிர்ச்சியூட்டுவதற்காக நாசிச் சின்னங்களை அணிவதும், கறுப்பினத்தவரை இழித்துரைக்கும் சொற்களை வேடிக்கையாக வழங்குவதும் அங்கு நாகரிகமாக இருந்தன. தாமும் கிரீம் நாட்களில் அச்சொற்களை விளையாட்டாக எழுதியதையும், விருந்தொன்றில் கூறியதையும் பேங்ஸ் முதற்குற்றவாளியாக முன்னிறுத்திக் கூறினார். தாம் உருவாக்க உதவிய ரசனையே இதற்கு வழிவகுத்தது என்பதை ஒப்புக்கொண்ட அக்கட்டுரை, நண்பர்கள் சிலரின் வெறுப்பைத் தேடித்தந்தது. அதே ஆண்டில், கிரேல் மார்கஸ் தொகுத்த நூலொன்றுக்காக, வான் மாரிசனின் 1968 ஆம் ஆண்டுத் தொகுப்பைப் பற்றி எழுதினார். மனமுடைந்திருந்த காலத்தில் அந்த இசை தம்மைக் காத்தது என்று கூறும் அக்கட்டுரையில் கிண்டலுக்கு இடமே இல்லை. வசைபாடும் விமர்சகராக மட்டும் பேங்சை அறிந்தவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதுவே.

தாமே பாடவும் செய்தார். 1979 இல் ஒரு சிறு நிறுவனத்தின் வழியாகத் தனிப்பாடல் இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. ரமோன்ஸ் பாடகர் ஜோயி ரமோனின் தம்பி மிக்கி லீயுடன் சேர்ந்து பதிவு செய்த பாடல்கள் 1986 இலேயே வெளியாயின. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் உள்ளூர்க் குழுவொன்றுடன் பதிவு செய்த தொகுப்பு 1981 இல் வந்தது. பாடகராக இவர் பெரிதும் கவனிக்கப்படவில்லை.

மறைவு

நெடுங்காலம் மதுவுக்கும் இருமல் மருந்துகளுக்கும் அடிமையாக இருந்த பேங்ஸ், இறுதி நாட்களில் குடியைக் கைவிட முயன்றுவந்தார். ஏப்ரல் 30, 1982 அன்று, சளிக்காய்ச்சலுக்காக வலிநிவாரணி உள்ளிட்ட மருந்துகளைத் தாமே சேர்த்து உட்கொண்ட நிலையில், தம் குடியிருப்பில் இறந்தார். தற்செயலான மரணம் எனக் கருதப்படுகிறது. வயது 33. அப்போது இசைப்பெட்டியில் இருந்தது பிரித்தானியக் குழுவான ஹியூமன் லீகின் அண்மைத் தொகுப்பு.

இறப்பதற்கு இரு வாரங்கள் முன்பு பள்ளி மாணவர் ஒருவர் பாடப்பணிக்காக இவரை நேர்காணல் செய்திருந்தார். பின்னாளில் இசை விமர்சகரான அம்மாணவர், ஜிம் டிரோகாடிஸ், 2000 ஆம் ஆண்டில் பேங்சின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பேங்ஸ் வாழ்ந்த காலத்தில் பிளாண்டி குழுவைப் பற்றியும், பால் நெல்சனுடன் இணைந்து ராட் ஸ்டூவர்ட்டைப் பற்றியும் எழுதிய நூல்களே வந்திருந்தன. கட்டுரைகளின் முதல் தொகுதியை 1987 இல் கிரேல் மார்கஸும், இரண்டாவதை 2003 இல் ஜான் மார்த்லண்டும் பதிப்பித்தனர். இளமையில் பேங்சிடம் அறிவுரை பெற்ற கேமரூன் குரோ 2000 இல் இயக்கிய ஆல்மோஸ்ட் ஃபேமஸ் திரைப்படத்தில் பிலிப் சீமோர் ஹாஃப்மன் இவராக நடித்துள்ளார்.