யாழ் மீட்ட துறவி

நுழையும்முன்

சங்க இலக்கியம் போற்றிய இசைக்கருவிகளுள் குழல் இன்றும் ஒலிக்கிறது, பறையும் ஒலிக்கிறது. யாழின் ஒலி மட்டும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அடங்கிவிட்டது. பாடல் வரிகளில் மட்டும் எஞ்சியிருந்த அக்கருவியின் உறுப்பையும் அளவையும் தேடித் தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டவர் விபுலாநந்த அடிகள். தமிழறிவும் அறிவியலறிவும் ஒருவரிடத்தே கூடியமையால் விளைந்த பயனை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மறைந்த கருவி

காரைக்கால் நகரை அடுத்த தருமபுரத்தில் யாழ்மூரிநாதர் திருக்கோயில் உள்ளது. திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு இசைத்துவந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாணரின் வாசிப்பினால்தான் பதிகங்கள் சிறப்புறுகின்றன என்று அவருடைய சுற்றத்தார் இத்தலத்தில் கூறினர். அதைக் கேட்டு வருந்திய பாணர், கருவியில் அடங்காத இசையில் ஒரு பதிகம் பாடியருளுமாறு வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழால் பின்தொடர இயலவில்லை. கருவியை முறிக்க ஓங்கிய பாணரைத் தடுத்த சம்பந்தர், அதில் அடங்கும் அளவிற்கு இசைத்தால் போதும் என்று ஆற்றுவித்ததாகப் பெரியபுராணம் கூறும். இதே மண்ணில் தோன்றிய காரைக்கால் அம்மையாரும் தம் பதிகத்தில் தமிழிசையின் ஏழு சுரப்பெயர்களை எடுத்துரைத்துள்ளார்.

அன்று முறியாமல் காக்கப்பட்ட யாழ், பின்னர்த் தானே வழக்கொழிந்தது. யாழில் ஒரு நரம்பு ஒரு சுரத்திற்கு உரியது. மெட்டுகள் பொருத்தப்பெற்ற வீணையிலோ, விரல் அழுத்தும் இடத்திற்கேற்ப ஒரே தந்தி பல சுரங்களைத் தரும். மேலைநாட்டுக் கிட்டாரும் இவ்வகையினதே. வீணை பரவிய காலத்தில் யாழ் அருகியது; அதனை இசைப்பவரும் செய்பவரும் இல்லாதாயினர்.

தோற்றமும் கல்வியும்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையை அடுத்த காரைதீவில் 1892ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை இணையருக்கு மகனாகப் பிறந்தார் அடிகள். இயற்பெயர் மயில்வாகனம். மட்டக்களப்பு, கொழும்பு ஆகிய ஊர்களில் கல்வி பயின்று ஆசிரியரானார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வென்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்றார். யாழின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியரானார்.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த அவர், 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார். துறவு அவரைக் கல்விப் பணியிலிருந்து விலக்கவில்லை. ஈழத்தில் இராமகிருஷ்ண சங்கப் பள்ளிகளைப் பேணி வளர்த்தார். மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் சிதம்பரத்தை அடுத்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். இசைத்தமிழ் ஆராய்ச்சியில் அவர் ஆழ்ந்து ஈடுபட்டது இக்காலம் தொடங்கியே ஆகும்.

உவமையிலிருந்து உறுப்புக்கு

கண்முன் ஒரு யாழேனும் இருந்திருப்பின், அதனை அளந்தே ஆய்வைத் தொடங்கியிருக்கலாம். அடிகளுக்குக் கிடைத்தவை பாடல்களும் உரைகளுமே. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கிறது. பத்தர் என்னும் குடம் மானின் குளம்புச் சுவடுபோல் நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருக்கும். அதன்மேல் விளக்குச்சுடரின் நிறமுடைய தோல் போர்த்தித் தைக்கப்பட்டிருக்கும். துளைகளை அடைத்த ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண்களை ஒக்கும். கோடு, தலையெடுத்த பாம்பைப்போல் நிமிர்ந்திருக்கும். நரம்புகளைக் கோட்டோடு பிணிக்கும் திவவுகள், பெண்ணின் முன்கை வளையல்களைப்போல் அடுத்தடுத்து அமைந்திருக்கும்.

பெரும்பாணாற்றுப்படையில் எளிய யாழொன்று இடம்பெறுகிறது. ஆயன் ஒருவன் குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்கிறான். நாண் பூட்டிய வில்லின் ஒலியிலிருந்தே யாழ் பிறந்தது என்னும் கருத்துக்கு இது துணை நிற்கிறது. வளைந்த வில்லின் வடிவுடைய இத்தகைய கருவிகள் பண்டைய சுமேரியாவிலும் எகிப்திலும் வழங்கின. அமராவதிச் சிற்பங்களிலும் காணப்படுகின்றன. மியான்மரில் இவ்வகைக் கருவி இன்றும் இசைக்கப்படுகிறது.

புலவரின் உவமை வடிவைக் காட்டும், அளவைக் கூறாது. நரம்பு எவ்வளவு நீளம், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் விகிதம் யாது என்னும் வினாக்களுக்குச் சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்கு நல்லார் வகுத்த உரையும் வழிகாட்டின. ஆயினும், அவ்வுரையில் பொதிந்த இசைக்கணக்கை விரித்தறிய இலக்கணப் புலமை மட்டும் போதாது. இயற்பியலும் கணிதமும் வேண்டும். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் இத்துறையில் முன்னரே வழி திறந்திருந்தது. அவ்வழியில் அடிகள் தமக்கெனத் தனித்ததோர் ஆய்வை மேற்கொண்டார்.

தெரிந்து தெளிவோம்

அடியார்க்கு நல்லார் கூறும் நால்வகை யாழும் நரம்புகளின் எண்ணிக்கையும்:
பேரியாழ் – 21
மகரயாழ் – 19
சகோடயாழ் – 14
செங்கோட்டியாழ் – 7

நீளமும் சுரமும்

நரம்பின் சுரம் அதன் நீளம், பருமன், இழுவிசை ஆகிய மூன்றையும் பொறுத்தது. 80 செ.மீ. நீளமுள்ள நரம்பு, குரல் என்னும் முதற்சுரத்தைத் தருவதாகக் கொள்வோம். மற்ற இரண்டும் மாறாதிருப்பின், அதில் மூன்றில் இரு பங்கான, ஏறத்தாழ 53 செ.மீ. நீளமுள்ள நரம்பு இளி என்னும் சுரத்தைத் தரும். பாதியான 40 செ.மீ. நரம்பு அடுத்த நிலையின் குரலைத் தரும்; 20 செ.மீ. நரம்பு மூன்றாம் நிலையின் குரலைத் தரும். பேரியாழின் 21 நரம்புகளை ஏழேழாக மூன்று நிலைகளில் அமைப்பதாயின், உச்ச நரம்புகள் இதனினும் குறுக வேண்டும். எனவே யாழ் செய்வோர் நீளத்தோடு பருமனையும் இழுவிசையையும் கருதுதல் வேண்டும். கோடு வளைந்திருப்பதன் பயனும் இங்கு விளங்கும். வளைந்த கோட்டிலிருந்து பத்தருக்கு இழுத்துக் கட்டும்போது, நரம்புகள் படிப்படியாகக் குறுகிய நீளம் பெறுகின்றன.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகுகளைப் பண்டையோர் வகுத்தனர். இந்த அலகுகளையும், ஒரு பாலையிலிருந்து மற்றொரு பாலை பிறக்கும் முறையையும் அடிகள் எண் விகிதங்களாகக் கணக்கிட்டு ஆராய்ந்தார்.

யாழ்நூல்

ஆராய்ச்சி ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீண்டது. இடையிடையே வேறு கடமைகளும் அவரை அழைத்தன. 1939இல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்திற்குச் சென்று, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் குன்றியது, எனினும் நூற்பணியை அவர் கைவிடவில்லை.

அவ்வுழைப்பின் விளைவே யாழ்நூல். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களைக் கொண்டது. யாழின் வகைகளையும் உறுப்புகளையும் முதலில் விளக்கி, அடுத்து நரம்புகளின் கணக்கைக் கூறி, பின்னர்ப் பாலைகளுக்கும் பண்களுக்கும் செல்கிறது. கருவியை அறிந்த பின்னரே அதில் எழும் இசையை அறிதல் கூடும் என்னும் நெறி இவ்வரிசையில் வெளிப்படுகிறது.

அரங்கேற்றமும் நிறைவும்

கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட முன்வந்தது. காவிரி பாயும் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 1947 ஜூன் மாதம் 5, 6 ஆகிய நாள்களில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. ஆற்று வெள்ளத்தில் திருஞானசம்பந்தரின் ஓடம் கரைசேர்ந்த தலம் அது. அடிகளின் ஆய்வின் வழி உருவாக்கப்பட்ட இசைக்கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. ஏட்டில் உவமையாக மட்டுமே வாழ்ந்த கருவி, மரமும் நரம்புமாக மக்கள் முன் நின்றது.

அதன்பின் ஒன்றரைத் திங்கள் நிறைவதற்குள், 1947 ஜூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். மட்டக்களப்பில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அடிகளின் முடிவுகள் சிலவற்றில் இசையறிஞர் வேறுபடுவதுண்டு. பழைய யாழ் ஒன்றும் கிடைக்காத நிலையில் அது இயல்பே. ஆனால், யாழைப் பற்றிப் பேசுவோர் எவரும் யாழ்நூலை விலக்கிச் செல்ல இயலாது. அண்மைக்காலத்தில் தமிழ்நாட்டில் யாழ் மீண்டும் கைவினையாகச் செய்யப்பட்டு மேடைகளில் ஒலிக்கிறது. இலக்கியத்தை உணர்ந்து சுவைத்தலோடு, அதிலுள்ளதை அளந்தும் கணித்தும் செய்தும் பார்த்தல் வேண்டும் என்பதே அடிகள் விட்டுச்சென்ற நெறியாகும்.

கற்பவை கற்றபின்

1. பொருநராற்றுப்படை கூறும் யாழின் உறுப்புகளைப் படமாக வரைந்து பெயர் குறிக்க.
2. பலகையில் இரு ஆணிகளுக்கிடையே கம்பியொன்றை இழுத்துக் கட்டி மீட்டுக. அதன் பாதியிலும் மூன்றில் இரு பங்கிலும் தாங்கு கட்டை வைத்து மீட்டி, ஒலி வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.