கார்ல் வொன் ஒசியெட்ஸ்கி

கார்ல் வொன் ஒசியெட்ஸ்கி (அக்டோபர் 3, 1889 – மே 4, 1938) ஜெர்மனியைச் சேர்ந்த இதழாளரும் அமைதி இயக்கச் செயற்பாட்டாளரும் ஆவார். பெர்லினில் இருந்து வெளிவந்த டி வெல்ட்பியூனே என்னும் வார இதழின் ஆசிரியராக 1927 முதல் 1933 வரை பணியாற்றினார். முதல் உலகப்போருக்குப் பின் செய்துகொள்ளப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையை மீறி ஜெர்மனி இரகசியமாக வான்படையை உருவாக்கி வந்ததை 1929 இல் இவ்விதழ் வெளிப்படுத்தியது. இதற்காக ஒசியெட்ஸ்கிக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நாட்சிகள் ஆட்சிக்கு வந்த பின்னர் இவர் வதை முகாம்களில் அடைக்கப்பட்டார். 1935 ஆம் ஆண்டுக்கான அமைதிக்கான நோபல் பரிசு, 1936 நவம்பர் மாதத்தில் இவருக்கு அறிவிக்கப்பட்டது. அதனைப் பெற்றுக்கொள்ள நாட்டை விட்டுச் செல்ல இவர் அனுமதிக்கப்படவில்லை.

இளமைக்காலம்

ஒசியெட்ஸ்கி ஆம்பர்க் நகரில் பிறந்தார். இவரது தந்தை மேல் சிலேசியாவில் இருந்து வந்து குடியேறியவர். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தார். வொன் என்பது ஜெர்மனியில் பொதுவாக உயர்குடியினரின் பெயர்களில் காணப்படும் சொல்லாகும். எனினும் இவரது குடும்பம் வசதி படைத்ததன்று. ஒசியெட்ஸ்கிக்கு இரண்டு வயதானபோது தந்தை இறந்தார். பின்னர் தாய் குஸ்தாவ் வால்டர் என்னும் சிற்பியை மறுமணம் செய்துகொண்டார். சமூக சனநாயகக் கட்சியைச் சேர்ந்த இவர் மூலமாகவே ஒசியெட்ஸ்கிக்கு அரசியலில் ஆர்வம் ஏற்பட்டது.

பள்ளிப்படிப்பை நிறைவு செய்யாத ஒசியெட்ஸ்கி, 1907 இல் ஆம்பர்க் நீதித்துறையில் எழுத்தராகச் சேர்ந்தார். 1911 முதல் சனநாயகக் கருத்துடைய இதழ் ஒன்றில் எழுதத் தொடங்கினார். 1913 இல், பெண்கள் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட மோட் லிச்ஃபீல்ட்-உட்ஸ் என்னும் பிரித்தானியப் பெண்ணை மணந்தார். இவர்களுக்கு ரோசலிண்டே என்னும் மகள் 1919 இல் பிறந்தார். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் கண்டித்து எழுதிய கட்டுரைக்காக 1914 இல் ஒசியெட்ஸ்கிக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இராணுவத்தைப் பற்றி எழுதியதற்காக இவர் சந்தித்த முதல் வழக்கு இதுவாகும்.

போரும் அமைதி இயக்கமும்

1916 இல் ஒசியெட்ஸ்கி கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கு நேரில் கண்ட அழிவு, போர் எதிர்ப்புக் கொள்கையை இவரிடம் உறுதிப்படுத்தியது. போர் முடிந்ததும் பெர்லினுக்குக் குடிபெயர்ந்து, செருமானிய அமைதிக் கழகத்தின் செயலாளராகப் பணியாற்றினார். அமைப்புப் பணிகளில் நாட்டம் இல்லாததால் 1920 இல் அதிலிருந்து விலகி, முழுநேர இதழாளரானார்.

வெல்ட்பியூனே இதழ்

டி வெல்ட்பியூனே (பொருள்: உலக மேடை) 1905 இல் சீக்பிரீட் யாக்கப்சோன் என்பவரால் நாடக இதழாகத் தொடங்கப்பட்டது. 1918 இல் பெயர் மாற்றம் பெற்று, அரசியல், கலை, பொருளாதாரம் ஆகியவற்றைப் பற்றிய இதழாக வளர்ந்தது. விற்பனை குறைவாக இருந்தபோதிலும் வெய்மர் குடியரசின் அறிவுத்துறையில் இதன் செல்வாக்கு பெரிதாக இருந்தது.

வெர்சாய் உடன்படிக்கையின்படி ஜெர்மனியின் தரைப்படை 100,000 வீரர்களுக்கு மேற்படக் கூடாது. வான்படையும் நீர்மூழ்கிக் கப்பல்களும் வைத்திருக்கக் கூடாது. இராணுவத் தலைமை இவ்வரம்புகளை இரகசியமாக மீறி வந்தது. சட்டத்திற்குப் புறம்பான ஆயுதக் குழுக்கள் இயங்கின. இவற்றைக் காட்டிக்கொடுப்பார்கள் என்று ஐயுறப்பட்டவர்கள் கொலை செய்யப்பட்டனர். ஃபேமே கொலைகள் என அழைக்கப்பட்ட இவற்றை அம்பலப்படுத்தியதில் வெல்ட்பியூனேக்கு முக்கிய பங்கு உண்டு.

1926 இல் யாக்கப்சோன் திடீரென இறந்தார். எழுத்தாளர் குர்ட் துகோல்ஸ்கி சில மாதங்கள் இதழை நடத்தினார். பின்னர் 1927 இல் ஒசியெட்ஸ்கி ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

வானூர்திக் கட்டுரை

1929 மார்ச் 12 அன்று வெளியான இதழில் ஜெர்மனியின் வானூர்தித் துறை பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெற்றது. அதனை எழுதியவர் வால்டர் கிரைசர். இவர் ஐன்ஸ் யேகர் என்னும் புனைபெயரைப் பயன்படுத்தியிருந்தார். கட்டுரையின் பெரும்பகுதி குடிசார் வானூர்தித் துறைக்கு வழங்கப்பட்ட அரசு நிதி வீணடிக்கப்படுவதைப் பற்றியதாகும். இறுதியில் வந்த சிறு பகுதி, பெர்லினுக்கு அருகிலுள்ள யொகானிஸ்தால் வானூர்தித் தளத்தில் இராணுவத்திற்காக இயங்கிய மறைமுகமான ஒரு பிரிவைக் குறிப்பிட்டது. அதன் வானூர்திகள் எல்லாம் எப்போதும் ஜெர்மனியிலேயே இருப்பதில்லை என்றும் அது உணர்த்தியது.

வெளிநாட்டின் பெயர் கூறப்படவில்லை எனினும் இராணுவத்தினருக்கு அதன் பொருள் விளங்கியது. சோவியத் ஒன்றியத்தின் லிபெத்ஸ்க் நகரில் ஜெர்மனி 1925 முதல் 1933 வரை இரகசியப் போர் வானூர்திப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தது. தடை செய்யப்பட்ட வான்படைக்கான விமானிகள் அங்கு பயிற்சி பெற்றனர்.

லைப்சிக் வழக்கு

கட்டுரை வெளிவந்த 1929 ஆம் ஆண்டிலேயே விசாரணை தொடங்கியபோதிலும் வழக்கு நீண்ட காலம் தாமதமானது. வழக்கு நடத்துவதே இரகசியத்தை உண்மையென ஒப்புக்கொள்வதாகிவிடும் என்ற சிக்கல் அரசுக்கு இருந்தது. இறுதியில் 1931 நவம்பரில் லைப்சிக் உச்ச நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடைபெற்றது.

கட்டுரையில் உள்ள செய்திகள் நாடாளுமன்ற வரவுசெலவுக் குழுவின் அச்சிடப்பட்ட குறிப்புகளில் ஏற்கனவே இருந்தவை என்றும், சட்டவிரோதமான செயல் ஒன்று பாதுகாக்கத்தக்க அரச இரகசியம் ஆகாது என்றும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வாதிட்டனர். நீதிமன்றம் இவ்வாதங்களை ஏற்கவில்லை. குடிமகன் தன் நாட்டுக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவன். அரசின் சட்டமீறலை அறிந்தால் உள்நாட்டு அதிகாரிகளிடமே முறையிட வேண்டும். அதனைப் பகிரங்கப்படுத்தக் கூடாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடாகும். செய்தி உண்மை என்பது இவ்வாறு குற்றத்தைத் தணிக்காமல், குற்றத்திற்கு அடிப்படையாக அமைந்தது. 1931 நவம்பர் 23 அன்று ஒசியெட்ஸ்கிக்கும் கிரைசருக்கும் தலா ஒன்றரை ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கிரைசர் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். ஒசியெட்ஸ்கிக்கும் அவ்வாறு செல்ல வாய்ப்பு இருந்தது. ஆனால் எல்லைக்கு வெளியே இருந்து எழுதுபவரின் சொல்லுக்கு உள்நாட்டில் மதிப்பு இராது என்று கருதி இவர் நாட்டிலேயே தங்கினார். 1932 மே 10 அன்று பெர்லின் டேகல் சிறையில் சரணடைந்தார். எர்ன்ஸ்ட் டோலர், லியோன் ஃபாய்க்ட்வாங்கர் உள்ளிட்ட எழுத்தாளர்கள் சிறைவாசல் வரை உடன் வந்து வழியனுப்பினர்.

சிறையில் இருந்தபோதே மற்றொரு வழக்கையும் இவர் சந்தித்தார். துகோல்ஸ்கி வெல்ட்பியூனேயில் எழுதிய போர் எதிர்ப்புக் கட்டுரை இராணுவத்தை இழிவுபடுத்துவதாகக் குற்றம் சாட்டப்பட்டது. துகோல்ஸ்கி சுவீடனில் வாழ்ந்ததால் பொறுப்பாசிரியரான ஒசியெட்ஸ்கி மீது வழக்குத் தொடரப்பட்டது. இதில் 1932 சூலை மாதம் இவர் விடுதலை பெற்றார். டிசம்பர் 22 அன்று, கிறித்துமசை ஒட்டிய பொதுமன்னிப்பின் கீழ் சிறையிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்.

வதை முகாம்கள்

1933 சனவரி 30 அன்று இட்லர் ஆட்சித் தலைவரானார். நாட்டை விட்டு வெளியேறுமாறு நண்பர்கள் வற்புறுத்தியும் ஒசியெட்ஸ்கி உடனே செல்லவில்லை. பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது. மறுநாள் அதிகாலையில் இவர் கைது செய்யப்பட்டார். வெல்ட்பியூனேயின் கடைசி இதழ் மார்ச் 7 அன்று வெளிவந்தது.

முதலில் பெர்லினின் ஸ்பாண்டவ் சிறையிலும், ஏப்ரல் முதல் சோனன்பர்க் முகாமிலும், 1934 முதல் எஸ்டர்வேகன் முகாமிலும் இவர் அடைக்கப்பட்டார். எஸ்டர்வேகனில் கைதிகள் சதுப்பு நிலத்தை வெட்டிப் பண்படுத்தும் கடும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அடி உதைகளாலும் உணவுக் குறைவாலும் ஒசியெட்ஸ்கியின் உடல்நலம் சீர்குலைந்தது. 1935 இல் முகாமைப் பார்வையிட்ட பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதி கார்ல் யாக்கோப் புர்க்கார்ட், பற்கள் உடைக்கப்பட்டு, நிற்கவும் இயலாத நிலையில் இவரைக் கண்டார்.

நோபல் பரிசு

நாடு கடந்து வாழ்ந்த நண்பர்கள் இவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். இவரைப் பற்றிய செய்தி உலகெங்கும் பரவினால் முகாமில் கொல்லப்படுவதைத் தடுக்கலாம் என்பது அவர்களின் நோக்கமாகும். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், தாமஸ் மன், ரொமைன் ரோலண்ட் முதலியோர் ஆதரவளித்தனர். நார்வேயில் அடைக்கலம் பெற்றிருந்த இளைஞர் வில்லி பிராண்ட் அங்கு ஆதரவு திரட்டினார். இவரே பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவராகி, 1971 இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றவர். மறுபுறம், இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற நார்வே எழுத்தாளர் நட் ஆம்சன் ஒசியெட்ஸ்கியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்.

1935 இல் பரிசு யாருக்கும் வழங்கப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது. உலகக் கவனம் பெருகியதால், 1936 மே மாத இறுதியில் ஒசியெட்ஸ்கி கடும் காசநோயுடன் பெர்லின் காவல்துறை மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். நவம்பரில் பரிசு முடிவு செய்யப்படுவதற்கு முன், வெளியுறவு அமைச்சர் அல்வ்தான் கூட், முன்னாள் பிரதமர் மோவின்கல் ஆகிய இருவரும் தேர்வுக் குழுவில் இருந்து விலகிக்கொண்டனர். முடிவு நார்வே அரசின் முடிவாகக் கருதப்படலாகாது என்பதே இதற்குக் காரணமாகும்.

பரிசை மறுக்குமாறு எர்மன் கோரிங் நேரடியாக வற்புறுத்தினார். காவலர்களின் கண்காணிப்பில் மருத்துவமனையில் இருந்த நிலையிலும் ஒசியெட்ஸ்கி பரிசை ஏற்பதாக அறிவித்தார். ஆசுலோ செல்ல இவருக்குக் கடவுச்சீட்டு வழங்கப்படவில்லை. 1937 சனவரியில் இட்லர், ஜெர்மானியர் எவரும் இனி நோபல் பரிசு பெறக் கூடாது என்று ஆணையிட்டார். இதனால் வேதியியலாளர்கள் ரிச்சர்டு குன், அடால்ஃப் புட்டனாண்ட், மருத்துவ அறிஞர் கெரார்டு தோமாக் ஆகியோர் பின்னர் தமக்கு அறிவிக்கப்பட்ட பரிசுகளை மறுக்க வேண்டியதாயிற்று.

மறைவு

இவரது பரிசுப் பணத்தைக் கையாள முன்வந்த வழக்கறிஞர் ஒருவர் அதனைக் கையாடினார். அதற்காக அவர் 1938 இல் தண்டிக்கப்பட்டார். மகள் ரோசலிண்டே ஏற்கனவே இங்கிலாந்துக்கும் பின்னர் சுவீடனுக்கும் அனுப்பப்பட்டிருந்தார். கண்காணிப்பு நீங்காத நிலையிலேயே, 1938 மே 4 அன்று பெர்லின் மருத்துவமனை ஒன்றில் காசநோயால் ஒசியெட்ஸ்கி காலமானார். அப்போது இவருக்கு வயது 48.

மறைவுக்குப் பின்

பன்னாட்டு மனித உரிமைக் கழகம் 1962 முதல் இவர் பெயரில் பதக்கம் வழங்கி வருகிறது. ஆம்பர்க் பல்கலைக்கழக நூலகம் 1983 இலும், ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் நீண்ட சர்ச்சைக்குப் பின் 1991 இலும் இவர் பெயரைப் பெற்றன. 1991 இல் ஆங் சான் சூச்சியும் 2010 இல் லியு சியாவோபோவும் காவலில் இருந்தபடியே அமைதிப் பரிசு பெற்றபோது ஒசியெட்ஸ்கி நினைவுகூரப்பட்டார்.

வோல்கர் குட்சரின் துப்பறியும் புதினங்களைத் தழுவி 2017 முதல் வெளிவந்த பாபிலோன் பெர்லின் தொலைக்காட்சித் தொடரில், இரகசிய வான்படையும் அதனை வெளியிட முயலும் இதழாளரும் கதையின் முக்கிய இழைகளாக உள்ளனர்.

1931 தீர்ப்பை மாற்றுமாறு மகள் ரோசலிண்டே வழக்குத் தொடர்ந்தார். மறுவிசாரணைக்குப் போதுமான புதிய சான்றுகள் இல்லை எனக் கூறி, 1992 டிசம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் அதனை நிராகரித்தது. கட்டுரையில் கூறப்பட்டவை உண்மை என்பது வரலாற்று ஆய்வுகளில் உறுதியாகியுள்ள போதிலும், சட்டத்தின் பார்வையில் ஒசியெட்ஸ்கி மீதான தீர்ப்பு நீக்கப்படாமலேயே உள்ளது.